பினாங்கு நகரின் காட்சிகளும் பள்ளிவாசலின் 18 ஏக்கரும்

சபர் என்னும் அறபுச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். ஆயினும் சோழமண்டலக் கரையோர முஸ்லிம்களின் இல்லங்களில் அச்சொல் வேறொரு கனத்தோடு வழங்கி வந்தது. ‘சபருக்குப் போயிருக்கிறார்’ என்றால் கடல் கடந்து பொருளீட்டச் சென்றிருக்கிறார் என்று பொருள். அவ்வாறு சென்றவர் ‘சபராளி’. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டி படுக்கையோடு வந்திறங்குவார், மகளுக்கு நிக்காஹ் முடிப்பார், வீட்டுக்கு ஓடு மாற்றுவார், மீண்டும் கப்பலேறுவார். இத்தகைய சபராளிகள் பெருந்தொகையாகச் சென்றிறங்கிய துறைமுகங்களுள் ஒன்று பினாங்கு.

இன்று அங்கே செல்வோரில் பலர் சபராளிகள் அல்லர்; சுற்றுலாப் பயணிகள். மூன்று இரவு, நான்கு பகல் என்று பயண நிறுவனங்கள் திட்டம் வகுத்துத் தருகின்றன. நமது ஜமாஅத்தாரிலும் அவ்வாறு சென்று வருவோர் உளர். திரும்பி வந்து கைபேசியில் படங்களைக் காட்டுகின்றனர். கடற்கரைக் கோட்டை, குன்றின் மேல் ஏறும் ரயில், சுவரில் தீட்டிய சைக்கிள் சிறுவர் ஓவியம், நாசி கண்டார் உணவு, பெரிய குவிமாடங்களோடு கூடிய ஒரு பள்ளிவாசல். படங்கள் அழகாகவே இருக்கின்றன. அந்தப் பள்ளிவாசலைச் சுற்றிப் பரந்திருந்த நிலத்தையும் அதில் குடியிருந்த ஜமாஅத்தையும் எந்தப் படத்திலும் காண இயலாது. அதனைக் குறித்தே இம்மலரில் சில செய்திகளை எழுத விழைந்தோம்.

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், மலாய்த் தீபகற்பத்தை நோக்கிய முனையில் அமைந்திருப்பது ஜார்ஜ் டவுன் நகரம். பயணிகள் முதலில் சென்று பார்ப்பது அங்குள்ள கார்ன்வாலிஸ் கோட்டை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் என்பவர் 1786ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் இவ்விடத்தில் இறங்கினார். ஆகஸ்டு 11ஆம் நாள் கொடியேற்றித் தீவைக் கம்பெனியின் உடைமையென அறிவித்தார். காட்டை விரைவாக வெட்டச் செய்யும் பொருட்டுப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதையை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வர். கதை சுவையானது என்பதில் ஐயமில்லை. முதலில் மரக் கம்பங்களால் அமைந்த அக்கோட்டை, 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் செங்கல் கோட்டையாக எழுந்தது. கட்டியவர்கள் கைதிகள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்தவர்கள் பலர் அந்நாளில் இத்தீவின் சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் எழுப்பினர். கோட்டையோ ஒரு போரையும் கண்டதில்லை. அங்கு நிற்கும் லைட் சிலை 1936இல் வைக்கப்பட்டது. அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காமையால், ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரை அமைத்த அவர் மகன் வில்லியத்தின் சாயலில் சிலையை வார்த்தனர். மக்கள் அருகே நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்த முகம் தந்தையின் முகமன்று, மகனின் முகம்.

ஆளில்லாக் காட்டுத் தீவை ஆங்கிலேயர் நகராக்கினர் என்பது பழைய பாடநூல்களின் கூற்று. தீவு கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்தது. எதிரிகள் தாக்கினால் படையுதவி கிட்டும் என்னும் நம்பிக்கையில்தான் சுல்தான் அதனைக் கொடுத்தார். படையுதவி வரவில்லை. 1791இல் தீவை மீட்க முயன்ற சுல்தான் தோல்வியுற்று, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி பெறும் உடன்படிக்கைக்கு இசைய நேர்ந்தது. கெடா என்பது நம் இலக்கியங்களும் சோழர் மெய்க்கீர்த்திகளும் கூறும் கடாரமே. அக்கடாரத்துத் துறைகளில் சோழமண்டலக் கரை முஸ்லிம் வணிகர்கள் லைட் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நிலைபெற்றிருந்தனர். சுல்தானின் அரச வணிகராகவே ஒருவர் விளங்கியதுண்டு. மலாய் நாட்டில் இவர்களைச் ‘சூலியா’ என்று அழைத்தனர். ஆகவே புதிய துறைமுகம் திறந்தபோது இவர்கள் கடல் கடந்து புதிதாக வந்தவர்கள் அல்லர். எதிர்க்கரையிலிருந்து பெயர்ந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். லைட் இறந்த 1794ஆம் ஆண்டளவில் நகரில் தங்கியிருந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்பது அவரே விட்டுச்சென்ற குறிப்பு. இவர்களையன்றி, ஆண்டுதோறும் கப்பலில் வந்து உழைத்துச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவோர் தனி.

நகரமைக்கும்போது லைட் வகுத்த முதல் தெருக்களுள் ஒன்றுக்குச் சூலியாத் தெரு என்றே பெயர். அது இன்றும் லெபோ சூலியா என வழங்குகிறது. அத்தெருவை வெட்டிச் செல்வது பிட் தெரு. இப்போது அதன் பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். கடற்கரைத் தெரு என்று பெயர் கொண்ட பீச் தெருவிலிருந்து இன்று பார்த்தால் கடல் தெரியாது. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்னும் புதிய கரையை அமைத்ததே காரணம். பயணிகள் விரும்பிச் சென்று காணும், கம்பங்களின் மேல் நிற்கும் சீனக் குலத்தாரின் படகுத்துறை வீடுகள் எழுந்தது இப்புதுக் கரையை ஒட்டியே.

இனிப் பள்ளிவாசலுக்கு வருவோம்.

காதர் முஹ்யித்தீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த கப்பல் வணிகர் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கம்பெனி அரசு ஒவ்வொரு சமூகத்தாருக்கும் ஒரு தலைவரை நியமித்து, சிறு வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தது. அத்தலைவருக்குக் ‘கப்பித்தான்’ என்று பெயர். சூலியாக்களின் கப்பித்தானாக இவர் விளங்கினார். ‘கெலிங்’ என்பது கலிங்கம் என்னும் பெயரின் வழிவந்து, தென்னிந்தியர் அனைவரையும் குறித்த மலாய்ச் சொல். அந்நாளில் இழிவின்றி வழங்கிய அச்சொல் இன்று மலேசியாவில் வசைச்சொல்லாகி விட்டது. பள்ளியின் பெயரிலும் தெருவின் பெயரிலும் மட்டும் பழைய மரியாதையோடு நிற்கிறது. நம்மவர் அங்கே சென்று அச்சொல்லைப் பெயர்ப்பலகையில் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

1801ஆம் ஆண்டு, துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் காலத்தில், பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் கம்பெனியால் வழங்கப்பட்டது. சூலியாத் தெருவுக்கும் பிட் தெருவுக்கும் தென்மேற்கே விரிந்த அந்நிலம் அன்று நகரின் விளிம்பு. வெகுவிரைவில் அதுவே நகரின் நடு ஆயிற்று. இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். தொழுகைக்கு மட்டும் இடம் வேண்டுமாயின் அரை ஏக்கர் போதும். 18 ஏக்கர் என்பது ஓர் ஊருக்கான நிலம். அவ்வாறே அங்கு ஓர் ஊர் எழுந்தது. பள்ளி, மையவாடி, குளம், கப்பலிலிருந்து இறங்கியவர் தங்கும் இடம், கடைகள், ஓதிக்கொடுக்கும் திண்ணைகள், கூரை வீடுகள் எனப் பள்ளியைச் சூழ ஒரு குடியிருப்பு வளர்ந்தது. கம்போங் கோலம் என்று இன்றும் ஒரு தெருவுக்குப் பெயர் வழங்குகிறது. மலாயில் ‘கோலம்’ என்றால் நீர்நிலை. நம் குளமேதான் அது.

அக்குடியிருப்பிலிருந்து பிறந்ததே ‘ஜாவி பெரனாக்கான்’ என்னும் சமூகம். சபராளிகளுக்கும் மலாய்ப் பெண்டிருக்கும் பிறந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தமிழும் மலாயும் இரண்டும் பேசி, அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் திகழ்ந்தனர். இன்றைய பினாங்கில் ‘மெரிக்கன்’ என்று பெயரின் பின்னே இட்டுக்கொள்வோரைக் காணலாம். அது அமெரிக்கா அன்று, மரைக்காயர்! அச்சுக்கூடங்களும் அங்கே எழுந்தன. நாகூர் குலாம் காதிறு நாவலர் அவர்கள் 1880களில் வித்தியா விசாரிணி என்னும் தமிழ்ப் பத்திரிகையைப் பினாங்கிலிருந்து நடத்திப் பின்னரே நாகூருக்குக் கொண்டுவந்தார். தமிழிதழ் வரலாற்றில் இக்கடற்கரை நகருக்கு உள்ள பங்கைத் தமிழ்நாட்டில் பலர் அறியார்.

சூலியாத் தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா ஷரீப் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நினைவிடம் இது. ஹஜ்ரத் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் அடக்கம் நாகூரில்தான். இங்கே கப்ரு இல்லை. கடற்பயணத்தில் புயலுக்குத் தப்பியவர்கள் இறங்கிய கரைதோறும் அவர்கள் பெயரால் ஒரு நினைவிடம் எழுப்பினர். சிங்கப்பூரிலும் அத்தகையது உண்டு. இது குறித்து ஆலிம்களிடையே உள்ள கருத்து வேற்றுமைகளை இங்கே எடுத்துப் பேச வேண்டுவதில்லை. அலைகளுக்கு நடுவே பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் கிடந்தவர்களின் அச்சத்தையும் நன்றியையும் அச்சிறு கட்டடத்தில் காணலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

பிட் தெருவை நகராண்மையினரும் சுற்றுலாத் துறையினரும் ‘நல்லிணக்கத் தெரு’ என்று அழைத்துப் பயணிகளை நடத்திச் செல்கின்றனர். வடக்கே 1818இல் கைதிகளைக் கொண்டு கட்டப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோவில். அருகே குவீன் தெருவை நோக்கி 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில். அதன்பின் நமது பள்ளி. இன்னும் தெற்கே ஆச்சே தெருப் பள்ளிவாசல். அனைத்தையும் அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். நல்லிணக்கம் மெய்யே. ஆயினும் எப்போதும் இவ்வாறே இருந்தது என்று எண்ணிவிடலாகாது. 1867 ஆகஸ்டில் நகரில் பத்து நாள் பெருங்கலகம் மூண்டது. அது இனங்களுக்கிடையே நடந்த சண்டையும் அன்று. சீன இரகசியச் சங்கங்கள் இரண்டு மோதின. ஒன்றோடு முஸ்லிம்களின் வெள்ளைக் கொடிச் சங்கமும், மற்றதோடு முஸ்லிம்களின் செங்கொடிச் சங்கமும் சேர்ந்துகொண்டன. முஸ்லிமை முஸ்லிம் எதிர்க்க, இரு புறமும் சீனர் துணை! ஆச்சே தெருப் பள்ளியின் மினாராவில் உள்ள துளை அக்கலகத்தின் பீரங்கிக் குண்டு துளைத்தது என்பர். வழிகாட்டிகள் அதனைச் சுட்டிக் காட்டுவர். குண்டு யாருடையது என்ற கேள்விக்குப் போவதில்லை.

அந்த ஆச்சே தெருப் பள்ளி 1808இல் ஆச்சேயைச் சேர்ந்த சையித் ஹுசைன் என்னும் பெருவணிகரால் கட்டப்பெற்றது. விமானப் பயணம் பெருகும்வரை, மலாய் நாடெங்கும் இருந்தும், தென் தாய்லாந்திலிருந்தும், சுமத்திராவிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் இத்தெருவில் வந்து தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தனர். வழியனுப்ப வந்த உறவினரும் உடன் தங்குவர். பெட்டி விற்போர், இஹ்ராம் துணி விற்போர், பயணச்சீட்டுத் தரகர், சமையற்காரர் எனத் தெரு முழுதும் ஹஜ்ஜுக் காலத்தில் நிரம்பி வழிந்தது. 1970களில் கப்பல் நின்றது, தெருவும் ஓய்ந்தது. பயணிகள் வரும் நகரங்களுக்கு இது புதிதன்று. பயணத்தின் முறை மாறினால் ஒரு தெருவின் பிழைப்பே மாறிவிடும்.

நம்மவரின் கப்பலும் அவ்வாறே. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு வழியே சிங்கப்பூர் சென்ற ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் 1973 வரை கடலில் இருந்தது. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு ஆள் கப்பல் போக்குவரத்தே முடிந்தது. நமது மூத்தவர்களுள் அக்கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டெழுதி வைத்துக்கொள்ள இதுவே தக்க காலம்.

துறைமுகத்தில் தோணிகளைச் செலுத்தியோரும், சரக்கு இறக்கியோரும், நாணயம் மாற்றியோரும், நூற்கடை வைத்தோரும் நம்மவரே. இந்தத் துறைமுகத் தொழிலாளர்களின் பசியிலிருந்து பிறந்ததுதான் பயணிகள் வரிசையில் நின்று உண்ணும் நாசி கண்டார். ‘நாசி’ சோறு, ‘கண்டார்’ தோளில் சுமக்கும் காவுதடி. ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புப் பாத்திரங்களும் தொங்க, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் விடியலில் துறைமுகத்துக்கு நடந்து சென்று விற்றனர். பல குழம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றி உண்பதே இதன் முறை. ‘பஞ்சிர்’ என்று கேட்டால் வெள்ளமாக ஊற்றுவர். அச்சொல்லுக்கே வெள்ளம் என்பதுதான் பொருள். காவுதடி மறைந்து குளிரூட்டிய கடைகள் வந்துவிட்டன. பெயரில் மட்டும் தோள் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

மேற்கூறியவை யாவும் கண்ணுக்குத் தெரிவன. கண்ணுக்குத் தெரியாதது அந்த 18 ஏக்கர். அது என்னவாயிற்று?

தலைமுறைகள் மாற மாற, பள்ளி நிலத்தில் குடியேறியோர் பெருகினர். முத்தவல்லிகள் சொற்ப வாடகைக்கு இடம் விட்டனர். யாருக்கு எந்த இடம், எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு என்னும் கணக்குகள் ஒழுங்காக இல்லை. செல்வர் சிலர் தம் உயிலில் எழுதி வைத்த அறங்களும் நீதிமன்றப் படிகளில் சிக்கின. பினாங்கு நீதிமன்றம் 1871ஆம் ஆண்டு ஃபாத்திமா எதிர் லோகன் வழக்கில், முஸ்லிமின் உயிலே ஆயினும் அது செல்லுமா செல்லாதா என்பதை இக்குடியேற்ற நாட்டில் நிலவும் ஆங்கிலச் சட்டமே தீர்மானிக்கும் என்று தீர்ப்பளித்தது. ஷரீஅத் சட்டப்படி எழுதியதாக நம்பி எழுதியவரின் எண்ணம் வேறு. சட்டம் கண்ட பொருள் வேறு. இதே இன்னல் இந்தியாவிலும் நேர்ந்தது. 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் குடும்ப வக்ஃபுகளைச் செல்லாதென்றதும், ஜின்னா அவர்கள் கொணர்ந்த மசோதா 1913இல் சட்டமாகி அதனைச் சரிசெய்ததும் நாம் அறிந்ததே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறநிலைய நிர்வாகம் பற்றிய முறையீடுகள் பெருகவே, அரசு 1905இல் முகமதிய, இந்து அறநிலையச் சட்டத்தை இயற்றியது. பள்ளிவாசல்களின் சொத்தும் கோவில்களின் சொத்தும் அரசு அமைத்த ஒரே வாரியத்தின் கீழ் வந்தன. வாரியம் கணக்கெழுதியது, கடன் தீர்த்தது, வாடகையைப் பெருக்கியது. அதே வாரியம் பள்ளியைச் சூழ்ந்திருந்த கூரை வீடுகளைப் படிப்படியாக அகற்றி, தெருக்களை வகுத்து, வாடகைக்குரிய கட்டடங்களை எழுப்பியது. தாழ்வாகவும் எளிமையாகவும் இருந்த பழைய பள்ளி, 1910ஐ ஒட்டி நியூப்ரானர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி முகலாயப் பாணியில் குவிமாடங்களோடு பெரிதாயிற்று. 1916இல் மினாரா எழுந்தது. 1930களில் உட்கூரையை உயர்த்தி மேலும் வெளிச்சம் வரச் செய்தனர். பயணிகள் இன்று வியந்து படமெடுப்பது இக்கட்டடத்தையே.

வாரியம் கேடு செய்தது என்று ஒரே சொல்லில் முடிப்பது நீதியாகாது. அது வருமுன் இருந்த நிலை நன்றாயிருந்தது என்று யாரும் சொல்வதற்கில்லை. கணக்கில்லாத வக்ஃபு காவலில்லாத தோட்டம். முதலில் வேலியைத் தாண்டுவோர் அயலாராக இருப்பதில்லை, உள்ளூராரே. ஆனால் திருத்தம் வெளியிலிருந்து வந்தபோது, திருத்தியவர்களின் கண்ணுக்குப் பள்ளி ஒரு கட்டடமாகவும், நிலம் ஒரு வருவாயாகவும் பட்டன. ஐவேளையும் நடந்து வந்து தொழும் தொலைவில் குடியிருந்த மக்களும் அந்த அறத்தின் ஒரு பகுதியே என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. வக்ஃபு எந்நோக்கத்துக்காக அமைந்ததோ அந்நோக்கத்தைப் பேணுவதை ஃபிக்ஹு நூல்கள் எவ்வளவு வலியுறுத்துகின்றன என்பதை மதறஸாவில் ஓதியோர் அறிவர். பள்ளியின் உயரம் கூடியது. பள்ளியைச் சுற்றிய ஜமாஅத் சுருங்கியது. இவ்விரண்டும் ஒரே தலைமுறைக்குள் நிகழ்ந்தன. இன்று அச்சொத்துக்கள் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

எஞ்சியிருந்த குடியிருப்புக்கு அடுத்த அடி மிக அண்மையில் விழுந்தது. போருக்குப் பிந்தைய காலத்திலிருந்து பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்து வந்தது. அதனால் துறைமுகத் தொழிலாளரும், தையற்காரரும், சிறு வணிகரும் நகரின் நடுவிலேயே குறைந்த வாடகையில் வாழ முடிந்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு அச்சட்டம் நீங்கியது. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. வெறுமையான பழைய வீடுகள் சிலவற்றில், சீனர் விலை கொடுத்து வாங்கும் கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்க்கத் தொடங்கினர். மனிதர் வாழ்ந்த அறைகளில் ஒலிபெருக்கி வைத்துக் குருவிகளை அழைத்தனர். 2013ஆம் ஆண்டுக்குள் அவற்றை அகற்றுமாறு மாநில அரசு கெடு விதிக்க நேர்ந்தது. இதற்கிடையே 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. காப்பு வளையமும் சேர 259 ஹெக்டேர். பல சமூகங்கள் ஒருங்கே வாழ்ந்த நகரம் என்பதே அச்சிறப்பின் காரணங்களுள் தலையாயது. வாழ்ந்தவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அச்சான்றிதழ் வந்து சேர்ந்தது.

அதன்பின் பயணிகள் பெருகினர். பழைய வீடுகள் விடுதிகளாயின. 2012இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்னும் ஓவியர் தீட்டிய சுவரோவியங்களைக் காண ஆர்மேனியன் தெருவில் நாள்தோறும் வரிசை நிற்கிறது. கட்டடங்கள் இடிபடாமல் நின்றமைக்குப் பாரம்பரியப் பட்டியலே காரணம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நாம் ஒருமுறை ரமளான் மாதத்தில் அங்கே சில நாள் தங்கும் வாய்ப்புப் பெற்றோம். இஃப்தார் நேரத்தில் பள்ளி நிறைந்திருந்தது. கஞ்சி, நம் ஊர் நோன்புக் கஞ்சியேதான், மணமும் அதே. அருகில் அமர்ந்திருந்தோரிடம் வீடு எங்கே என்று வினவினோம். ஒருவர் பாலத்துக்கு அப்பால் பட்டர்வொர்த்தில் என்றார். மற்றொருவர் வேலை இங்கே, குடியிருப்பு வெகு தொலைவில் என்றார். பள்ளியைச் சுற்றிய தெருக்களில் தமக்கு வீடு உண்டு என்று அந்த வரிசையில் ஒருவரும் சொல்லவில்லை. தொழுகையாளிகள் இருக்கின்றனர், அல்ஹம்துலில்லாஹ். அவர்கள் வாகனத்தில் வந்து வாகனத்தில் திரும்புகின்றனர். நமது ஜமாஅத்தின் சொத்துப் பதிவேட்டில் மனைக்கட்டுகளின் எல்லையும், குடியிருப்போர் பெயரும், வாடகை மாற்றிய நாளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று ஆண்டுக் கூட்டத்தில் கேட்போரைச் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. கேட்பவர் கேட்கட்டும்.

இனிச் செல்லவிருப்போருக்குச் சில குறிப்புகள். பினாங்குக் குன்றின் கம்பிவட ரயில் 1923இல் தொடங்கியது; 2011இல் பெட்டிகளும் பாதையும் புதுப்பிக்கப்பட்டன. மேலே குளிர்ச்சியும், நகரையும் கடலையும் ஒருங்கே காணும் வாய்ப்பும் உண்டு. தொழுவதற்குப் பள்ளியும் இருக்கிறது. தஞ்சோங் புங்காவில் கடல் மேல் தூண்களில் நிற்கும் பள்ளியைக் காண மாலையில் செல்லுதல் நன்று. எதிர்க்கரைக்கு 1985இலும் 2014இலும் பாலங்கள் வந்துவிட்ட போதிலும் படகில் ஒருமுறை கடந்து பாருங்கள். 1894 முதல் ஓடும் படகுத்துறை அது. 2023இல் புதிய படகுகள் விடப்பட்டன. சபராளிகள் கப்பலிலிருந்து கண்ட நகரத்தின் முகம் அப்படகிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

கப்பித்தான் கெலிங் பள்ளியில் தொழுகை நேரம் நீங்கலாகப் பயணிகளுக்கு அனுமதி உண்டு. பள்ளியைப் பார்த்து முடித்ததும் பெரும்பாலோர் சுவரோவியங்களை நோக்கிச் சென்றுவிடுகின்றனர். நம்மவர் எதிர்ப்புறம் திரும்பிக் கம்போங் கோலம் தெருவுக்குச் செல்ல வேண்டும். 1834இல் மறைந்த காதர் முஹ்யித்தீன் மரைக்காயரின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது. கடைகளுக்கும் நிறுத்திய வாகனங்களுக்கும் இடையே சிறிய கட்டடம்; கவனிக்காமல் கடந்துவிடக்கூடும். அஸருக்குப் பிறகு போனால் வெயில் தணிந்திருக்கும், ஸலாம் சொல்லி யாஸீன் ஓதிவிட்டு மஃரிபுக்குப் பள்ளிக்கே திரும்பிவிடலாம்.